வெற்றிலையைத் துப்பிய பிறகும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்குப் போகும் பக்கத்தில் ஒரு சிற்றூரில் என் பெரியம்மா இருக்கிறார். வயது 66. மனச்சிதைவு நோய்க்காக இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக மாத்திரை சாப்பிடுகிறவர். எப்போதும் வெற்றிலை போடுவார். காலையில் கண் விழித்ததும் சுருக்குப்பை, இரவு பாயில் சாயும் வரை சுருக்குப்பை. வாய் ஓயாமல் அரைத்துக்கொண்டே இருக்கும். அதனாலேயே அந்த அரைப்பில் நோய் ஏதாவது இருக்கும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

போன வருடம் மாத்திரை வாங்கப் போன இடத்தில் புதிதாக வந்திருந்த மனநல மருத்துவர், "வெத்தலையத் துப்பிட்டு வாய் கொப்பளிச்சிட்டு வாங்கம்மா" என்றார். பெரியம்மா வந்து கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தார். வாயில் ஒன்றும் இல்லை. ஆனாலும் மெல்லுவது நிற்கவில்லை. உதடு குவிந்து விரிந்தது. தாடை பக்கவாட்டில் அரைத்தது. வாயைத் திறக்கச் சொன்னதும், ஈரமண்ணில் மண்புழு நெளிவதைப்போல நாக்கு உள்ளுக்குள்ளேயே நெளிந்தது. கட்டைவிரலால் மற்ற விரல்களை வரிசையாகத் தொடச் சொன்னார். விரல்கள் வேலையில் இறங்கிய மாத்திரத்தில் வாயின் ஆட்டம் கூடியது. மருத்துவர் என்னைப் பார்த்து, "எத்தனை வருஷமா இப்படி இருக்கு?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடமும் மாதாமாதம் சீட்டு எழுதிக் கொடுத்தவர்களில் யாரும் அவர் வாயைத் திறக்கச் சொன்னதில்லை. நாங்களும் பார்த்ததில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் படித்தவற்றின் தொகுப்பே இந்தக் கட்டுரை. மனநோய் மருந்துகளும், அவற்றுக்கு நேர் எதிராக வேலை செய்யும் ஊக்க மருந்துகளும் உடலில் நம் விருப்பமில்லாமல் எழும் அசைவுகளை எப்படி உண்டாக்குகின்றன, எப்படி அடக்குகின்றன, எப்படி மறைக்கின்றன என்பதுதான் கேள்வி. அசைவைப் பார்த்தவுடன் "மாத்திரையாலதான்" என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்லி மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்களை எங்கள் பக்கத்து ஊர்களில் எனக்குத் தெரியும். ஆனால் அறுபது எழுபது வருட ஆராய்ச்சி அந்தப் பதிலை அவ்வளவு எளிதாக விட்டுவைக்கவில்லை. அதைச் சிக்கலாக்கிய ஆய்வுகளில் மிக முக்கியமான ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது.

முதலில் மூளையைப் பற்றிக் கொஞ்சம். மூளையின் ஆழத்தில் 'அடித்தள முடிச்சுகள்' என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அதன் பெரிய பகுதிகளில் ஒன்று புட்டாமென். ஓர் அசைவைத் தொடங்குவதும், வேண்டாத அசைவைத் தடுப்பதும் இந்த இடத்தின் வேலை. அந்த வேலையை நடத்தும் வேதிப்பொருள்களில் இரண்டு நமக்கு முக்கியம்: டோபமின், அசிட்டைல்கோலின். டோபமின் குறைந்தால் உடல் இறுகும், நடை சுருங்கும், கை நடுங்கும். மிகுந்தால் உடல் துள்ளும், முகம் வெட்டும், கைகால் நெளியும். மனநோய் மருந்துகள் டோபமின் போய் உட்காரும் ஏற்பிகளை அடைத்துவிடுகின்றன. ஊக்க மருந்துகள் டோபமினைக் கூட்டி வைக்கின்றன. ஒன்று கதவை அடைக்கிறது, மற்றொன்று கூட்டத்தைப் பெருக்குகிறது. இரண்டும் ஒரே வாசலில்தான் நடக்கின்றன.

அந்த வாசலை எவ்வளவு அடைக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. 2000-இல் ஷிதிஜ் கபூரும் சகாக்களும் மூளைப் படம் எடுத்துக் கணித்தார்கள். டோபமின் ஏற்பிகளில் ஏறத்தாழ 65 விழுக்காடு அடைபட்டால் நோய்க்குறிகள் தணியத் தொடங்குகின்றன. 78 விழுக்காட்டைத் தாண்டினால் உடல் இறுக்கமும் நடுக்கமும் வருகின்றன. பலனுக்கும் பாதிப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அவ்வளவு குறுகலானது. "இன்னும் ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுங்க, தூங்கட்டும்" என்று வீட்டார் கேட்கும்போது அந்தக் குறுகிய இடைவெளிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

மனநோய் மருந்து தரும் அசைவுக் கோளாறுகள் நான்கு வகைப்படும். நான்கும் வெவ்வேறு காலத்தில் வரும், வெவ்வேறு முகத்தோடு வரும். முதலாவது தசை முறுக்கம். ஹாலோபெரிடால் போன்ற மருந்தைத் தொடங்கிய சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ வந்துவிடும், பெரும்பாலும் இளைஞர்களுக்கு. கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு வெளியே தள்ளும், முதுகு வில்லாக வளையும். இதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று பதறி வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போன வீடுகள் உண்டு. மருத்துவமனையில் பிராமெத்தசின் ஊசி ஒன்று போட்டால் பத்து இருபது நிமிடத்தில் கழுத்து நேராகிவிடும். இவ்வளவு பயமுறுத்தி, இவ்வளவு சுலபமாகத் தீருகிற கோளாறு மருத்துவத்தில் அதிகம் இல்லை.

இரண்டாவதற்குத் தமிழில் அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது: இருப்புக்கொள்ளாமை. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தால் எங்காவது ஓடிவிட வேண்டும் போலிருக்கும். கால்கள் தாமாக மிதித்துக்கொண்டே இருக்கும். இதைப் பார்க்கிறவர்கள் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து மருந்தின் அளவைக் கூட்டச் சொல்கிறார்கள். கூட்டினால் தவிப்பும் கூடும். உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குக்கூட இது கொண்டுபோய் விடும் என்பதால் மருத்துவர்கள் இதை மிகுந்த கவலையோடு பார்க்கிறார்கள். மூன்றாவது பார்கின்சன் போன்ற நிலை: கை வீசாமல் நடப்பது, முகத்தில் உணர்ச்சி மாறாமல் இருப்பது, எழுத்து சிறுத்துப்போவது. சில வாரங்களில் தலைகாட்டும்.

நான்காவதுதான் பெரியம்மாவுக்கு வந்தது. மாதங்களோ வருடங்களோ கழித்து மெதுவாக வரும். அதனால் 'தாமதமாக வரும்' என்ற பொருளில் டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயர். 1957-இல் ஷோனெக்கர் என்ற ஜெர்மன் மருத்துவர் குளோர்புரோமசின் வாங்கிய சில நோயாளிகளின் வாயில் இந்த அசைவைக் கண்டு எழுதினார். அந்த மருந்து பாரிசில் மனநோய்க்குப் பயன்பட ஆரம்பித்து ஐந்தே வருடங்கள் ஆகியிருந்தன. இன்று வழங்கும் பெயர் 1964-இல் டென்மார்க்கில் ஃபாவர்பி என்பவரும் அவர் குழுவினரும் வைத்தது. ஏற்பிகள் பல காலம் அடைபட்டுக் கிடப்பதால் மூளை புது ஏற்பிகளை முளைக்க வைக்கிறது, இருப்பவற்றின் கூர்மையையும் கூட்டுகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். முழு விளக்கம் இதுவே என்று யாரும் சாதிப்பதில்லை. ஆனால் ஒரு விசித்திரத்தை இது புரியவைக்கிறது: மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அசைவு மேலும் கூடும், அளவைக் கூட்டினால் கொஞ்ச காலம் அடங்கும். தான் உண்டாக்கிய காயத்தை அந்த மருந்தே மூடி வைக்கிறது.

எவ்வளவு பேருக்கு வருகிறது? 2017-இல் கார்பனும் சகாக்களும் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மனநோய் மருந்து சாப்பிடுகிறவர்களில் சராசரியாக 25 விழுக்காட்டினருக்கு இந்த அசைவு இருந்தது. ஹாலோபெரிடால், குளோர்புரோமசின் போன்ற பழைய மருந்துகளில் 30 விழுக்காடு, ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்ற புதியவற்றில் ஏறத்தாழ 21. பழைய மருந்தை ஒருபோதும் தொடாமல் புதியதை மட்டுமே சாப்பிட்டவர்களில் 7 விழுக்காடுதான். முதியவர்களுக்கும் பெண்களுக்கும் வாய்ப்பு அதிகம். இந்த எண்களைப் பார்த்தால் கணக்கு முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். மருந்து காரணம், அசைவு விளைவு.

இங்கேதான் மதராஸ் ஆய்வு குறுக்கே வருகிறது. மருந்துகள் வருவதற்கு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எமில் கிரேப்பலின் தன் நோயாளிகளின் முகத்திலும் கைகளிலும் இப்படிப்பட்ட அசைவுகளைக் குறித்து வைத்திருந்தார். அவை நோயின் பகுதிதானா என்று பிற்காலத்தில் சோதிக்க வேண்டுமானால், மனச்சிதைவு முற்றிய நிலையில் இருந்தும் வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாதவர்கள் வேண்டும். ஐரோப்பாவில் அப்படிப்பட்டவர்களைத் தேடிப்பிடிப்பது கடினம். தமிழ்நாட்டில் இருந்தார்கள். அவர்கள் இருந்தார்கள் என்பதே ஒரு துயரம். பத்து, இருபது வருடம் வீட்டுத் திண்ணையிலும் மாட்டுக் கொட்டகை ஓரத்திலும் கோயில் மண்டபத்திலும் வைத்தியமே இல்லாமல் கழித்தவர்கள் அவர்கள்.

அவர்களிடம் போய்ச் சேர்ந்தது சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1984-இல் தொடங்கியது அது. அதற்கு முன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நிர்வகித்தவர் அவர். ஸ்கார்ஃபின் ஆர். தாரா, ஆர். பத்மாவதி முதலியோரோடு ஸ்காட்லாந்தின் ராபின் மக்கிரீடி சேர்ந்து நடத்திய ஆய்வு 1996-இல் பிரிட்டிஷ் மனநல இதழில் வெளியானது. வயதானவர்கள் 308 பேரை உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நடக்கவைத்துப் பார்த்தார்கள். மனநோய் இல்லாத முதியவர்களில் 15 விழுக்காட்டினருக்கு இச்சையற்ற அசைவு இருந்தது. மனச்சிதைவு உள்ள இளையவர்களின் இரத்த உறவினர்களிலும் 15. மருந்தே சாப்பிடாத மனச்சிதைவு நோயாளிகளில் 38. மருந்து சாப்பிடும் நோயாளிகளில் 41.

இந்த 38-ஐயும் 41-ஐயும் நான் பல தடவை திரும்பப் படித்தேன். மருந்தைத் தொடாதவர்களுக்கும் தொட்டவர்களுக்கும் வித்தியாசம் மூன்றே புள்ளி. முதிய நோயாளிகளிடம் காணும் இந்த அசைவு நோயின் உள்ளார்ந்த பகுதி என்று ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள். பிறகு சென்னைக்குத் தெற்கே உள்ள கிராமங்களில், மருந்து சாப்பிடாத நோயாளிகளைப் பதினெட்டு மாதம் பின்தொடர்ந்து மறுபடியும் பார்த்தார்கள். ஒருமுறை தெரிந்த அசைவு மறுமுறை தெரியாமல் போவதும் உண்டு என்று கண்டார்கள். ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு உண்டு, இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பது அதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம்.

ஆனாலும் இந்த ஆய்வைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கு நற்சான்று கொடுத்துவிட நான் தயாரில்லை. மருந்தே சாப்பிடாத குழுவில் இருந்தவர்கள் 21 பேர்தான். அவர்களின் சராசரி வயது 65. மருந்து சாப்பிட்டவர்களுடைய சராசரி வயதோ 57. வயது ஏற ஏற வாய் அசைவு கூடும் என்பதால், எட்டு வயது இளையவர்களிடமும் அதே அளவு இருந்தது என்றால் மருந்தின் பங்கு அந்த மூன்று புள்ளியைவிடப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். பழைய மருந்திலிருந்து புதியதற்குப் போகும்போது எண் இறங்குவதும் மருந்துக்குப் பங்கு உண்டு என்பதைத்தான் காட்டுகிறது. நோய் ஏற்கெனவே கீறல் போட்ட இடத்தில் மருந்து போய் அழுத்துகிறது என்று எடுத்துக்கொள்வதுதான் இரண்டு தரப்புச் சான்றுகளுக்கும் பொருந்துகிறது. அப்படியானால் முதல் மாத்திரை கொடுக்கும் நாளிலேயே நோயாளியின் வாயையும் கையையும் நடையையும் பார்த்து எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதி வைக்காததால்தான் பெரியம்மாவின் வாய் எப்போது ஆடத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை.

பார்த்து எழுதுவதற்கு 1976-லிருந்தே ஒரு முறை இருக்கிறது. எய்ம்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அளவுகோல் அது. டெல்லி மருத்துவமனையின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முகம், உதடு, தாடை, நாக்கு, கை, கால், உடல் என ஏழு இடங்களுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். பத்து நிமிடம் போதும், கருவி எதுவும் வேண்டாம். அந்த முறையில் நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று: வாயில் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் எடுத்துவிடுங்கள். வெற்றிலை போடும் நாட்டில் அந்தக் கேள்வியின் அருமை சொல்லி முடியாது.

வெற்றிலையைப் பற்றியே இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். பாக்கில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. அது ஒரு மிதமான ஊக்கி. அசிட்டைல்கோலினைப் போலவே உடலில் வேலை செய்யும். மனநோய் மாத்திரையோடு இறுக்கம் வராமலிருக்கச் சேர்த்துக் கொடுக்கும் டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை அசிட்டைல்கோலினை அடக்கும் மருந்து. ஒன்று ஏற்ற, மற்றொன்று இறக்க, இரண்டும் மோதும். 1989-இல் மருத்துவர் டீல் பதிவு செய்த இரண்டு நோயாளிகள் இந்த மோதலுக்கு எடுத்துக்காட்டு. மனநோய் மருந்தில் நிலையாக இருந்தவர்கள், பாக்கு மெல்லுவது அதிகமானபோது கடுமையான இறுக்கத்துக்கும் அசைவுக்கும் ஆளானார்கள். அதற்கு மாறாக, 2000-இல் பசிபிக் தீவான பலாவில் சல்லிவனும் சகாக்களும் பார்த்தபோது, பாக்கு மெல்லும் மனச்சிதைவு நோயாளிகளுக்கு நோய்க்குறிகள் குறைவாக இருந்தன, அசைவுக் கோளாறில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆக, பாக்கு எல்லோருக்கும் கெடுதல் செய்கிறது என்று சொல்ல முடியாது. மருந்துச் சீட்டு எழுதுகிறவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெற்றிலை போடுகிறீர்கள் என்று கேட்டாக வேண்டும் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். வாய்ப்புற்று நோய்க்காக எப்படியும் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

அந்த டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறுக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் அது நல்ல மருந்து. வாய் அரைப்புக்கோ அது எதிரி, பல நேரம் அதைக் கூட்டிவிடும். "நடுக்கத்துக்கு மாத்திரை" என்று பெயர் வாங்கிவிட்டதால் எந்த அசைவுக்கும் அதையே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வயதானவர்களுக்கு மறதியையும் மலச்சிக்கலையும் சேர்த்துத் தருகிறது. பெரியம்மாவின் நோட்டில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அது இருந்தது.

இனி ஊக்க மருந்துகளுக்கு வருவோம். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் இவற்றில் முக்கியமானது. 1944-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் உருவானது. டோபமினைக் கூட்டும் மருந்து என்பதால், கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டைக் கனைப்பு போன்ற வெட்டிழுப்புகள் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று பல காலம் எச்சரித்து வந்தார்கள். மருந்தின் வேதியியலைப் பார்த்தால் எச்சரிக்கை நியாயம்தான். ஆனால் குழந்தைகளை வைத்துச் சோதித்தபோது வேறு விடை வந்தது. 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் வெட்டிழுப்பும் கவனக்குறைவும் சேர்ந்த 136 குழந்தைகளைப் பதினாறு வாரம் கவனித்தார்கள். ஊக்க மருந்து பெற்றவர்களில் வெட்டிழுப்பு மோசமானவர்கள் 20 விழுக்காடு, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 22. பின்னர் 2015-இல் 22 ஆய்வுகளையும் 2,385 குழந்தைகளையும் தொகுத்துப் பார்த்தபோது வெட்டிழுப்பு புதிதாக வந்தவர்களோ கூடியவர்களோ ஊக்க மருந்தில் 5.7 விழுக்காடு, வெற்று மாத்திரையில் 6.5. வெட்டிழுப்பு அலைபோல ஏறி இறங்கும் நோய். அலை ஏறும் வாரத்தில் மருந்தைத் தொடங்கினால் பழி மருந்தின் மேல் விழுந்துவிடுகிறது. எந்தக் குழந்தைக்கும் கூடவே கூடாது என்றும் இதற்குப் பொருளில்லை. சில குழந்தைகளுக்குக் கூடுகிறது, அளவைக் குறைத்தால் அடங்குகிறது.

அதே வெட்டிழுப்புக்கு மனநோய் மருந்துகள் நிவாரணம் என்பதும் பழைய செய்தி. 1885-இல் ஜில் த லா தூரெத் ஒன்பது நோயாளிகளை விவரித்து எழுதிய நோய்க்கு, 1961-இல்தான் முதல் தடவையாக ஒரு மருந்து கைகொடுத்தது. அது ஹாலோபெரிடால். முகத்தை அசைய வைக்கும் மருந்தே முகத்தின் அசைவை நிறுத்தவும் செய்தது. இரண்டு வகை மருந்தையும் சேர்த்துச் சாப்பிடும் குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ரிஸ்பெரிடோனும் மெத்தில்ஃபெனிடேட்டும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கும்போது ஒன்றின் அளவைச் சட்டென்று மாற்றினால், கழுத்தும் தாடையும் முறுக்கிக்கொண்ட நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. கூடிக் கிடந்த டோபமின் திறந்த வாசலில் ஒரேயடியாகப் பாய்வதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால், எங்கள் மாவட்டத்துச் சிற்றூர்களில் அதைப் பார்ப்பதே அரிது. தெருவில் விற்கும் மெத்தாம்ஃபெட்டமின் கதை வேறு. அது டோபமின் நரம்பு முனைகளையே சிதைக்கிறது. அதில் விழுந்தவர்களுக்குப் பிற்காலத்தில் பார்கின்சன் நோய் கூடுதலாக வருவதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன.

மனநல மருத்துவரிடமே போகாதவர்களுக்கும் இந்தக் கோளாறுகள் வருகின்றன என்பதைத்தான் நம் ஊரில் உரக்கச் சொல்ல வேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, டோபமின் ஏற்பியை அடைக்கும் மருந்துதான். பன்னிரண்டு வாரத்துக்கு மேல் கொடுத்தால் தீராத வாய் அசைவு வரலாம் என்று 2009-இல் அமெரிக்கா கட்டம் கட்டி எச்சரித்தது. ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம் என்று 2013-இல் ஐரோப்பா சொன்னது. வயிற்று உப்புசத்துக்கு 'கேஸ் மாத்திரை' என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில கூட்டு மாத்திரைகளில் லெவோசல்பிரைடு இருக்கிறது. அதுவும் இதே குடும்பம். தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃபுளுனாரிசின் ஆகியவையும் முதியவர்களின் உடலை இறுக்கி நடையைக் குறுக்கிவிடும். தாத்தாவுக்கு நடுக்கம் வந்துவிட்டது, வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். கேஸ் மாத்திரையை நிறுத்தியதும் சில மாதங்களில் நடை திரும்பியவர்கள் உண்டு. கையில் நடுக்கம் கண்டால் முதலில் மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பாருங்கள்.

கள்ளக்குறிச்சி என்றதும் நாடே நினைப்பது 2024 ஜூன் மாதத்தை. கருணாபுரத்திலும் அக்கம்பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என நாலா பக்கமும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. பிழைத்தவர்களின் பார்வை பற்றிப் பேசினோம். அசைவைப் பற்றிப் பேசவில்லை. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பையும் மூளையில் குறிப்பாகப் புட்டாமெனையும் கருக்கும். மனநோய் மருந்துகள் வேலை செய்கிற அதே வளையம்தான் அது. மெத்தனால் விஷத்தில் தப்பியவர்களுக்கு வாரங்கள், மாதங்கள் கழித்துக் கை இறுகுவதும் கழுத்து முறுக்குவதும் குரல் அடங்குவதும் மருத்துவ நூல்களில் நன்றாகப் பதிவானவை. அப்படிப் புட்டாமென் காயப்பட்ட ஒருவருக்கு வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடோ, படபடப்புக்கு ஹாலோபெரிடாலோ கொடுத்தால் பாதிப்பு இரட்டிக்கக்கூடும். எங்கள் மாவட்டத்தில் இனி எந்த மருத்துவரும் சீட்டு எழுதும் முன் "அந்தச் சாராயம் குடிச்சீங்களா" என்று கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எங்கள் மாவட்டத்துக் கல்வராயன் மலைக்கு மேலே நிலைமை இன்னும் கடினம். அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது, 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. சாராயச் சாவுகளுக்குப் பிறகு மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, பேருந்து என்பதெல்லாம் நீதிமன்றத்தில் பேச வேண்டியதாயிற்று. மனநோய் மருந்தைப் பொறுத்தவரை பேருந்து என்பது மருத்துவத்தின் ஒரு பகுதி. வெள்ளிமலைக்கு அப்பால் ஏதோ ஒரு குக்கிராமத்திலிருந்து மாதம் ஒருமுறை கீழே இறங்கி மாத்திரை வாங்குகிறவருக்கு, மழையில் சாலை கெட்டால், சாமை அறுப்பும் மரவள்ளி பிடுங்குவதும் சேர்ந்துகொண்டால், அந்த மாதம் மாத்திரை இல்லை. மருந்து திடீரென்று நின்றால் அடங்கிக் கிடந்த அசைவு எழும்பும் என்று மேலே சொன்னேன். மூன்று வாரம் மாத்திரை, இரண்டு வாரம் வெறுமை, மறுபடி மாத்திரை என்று விட்டு விட்டுச் சாப்பிடுவதும் வாய் அசைவுக்கு வழி வகுக்கிறது என்று சந்தேகிக்க ஆய்வுகள் இடம் தருகின்றன. மலையேறிப் போகிறவருக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. நீண்டநாள் ஊசி இன்னொரு வழி. ஆனால் பாதிப்பு வந்தால் ஊசியை உடலிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. அதனால் முதல் ஊசிக்கு முன்னும் ஒவ்வோர் ஊசிக்குப் பின்னும் வாயையும் கையையும் பார்த்தாக வேண்டும்.

வந்துவிட்ட அசைவுக்கு மருந்து உண்டா? உண்டு, அதன் வேர் நம் மண்ணில்தான் இருக்கிறது. 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இரு வங்க மருத்துவர்கள், சர்ப்பகந்தா வேர் பைத்தியத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் நல்ல மருந்து என்று எழுதினார்கள். 1949-இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்தக் கொதிப்பில் அதன் பலனை உலகுக்குக் காட்டினார். 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. ரெசர்பின் ஏற்பியை அடைப்பதில்லை. நரம்பு முனையில் டோபமினைச் சேமித்து வைக்கும் பைகளை வெறுமையாக்கும். 1957-இல் அர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களுக்கு, டோபமினாக மாறும் எல்-டோபாவைக் கொடுத்தபோது அவை எழுந்து நடமாடின. பார்கின்சன் நோய்க்கு மருந்து பிறந்த கதை அது, 2000-இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. அதே காலத்தில் ரெசர்பினைப் போன்ற எளிய மூலக்கூறுகளைத் தேடியவர்கள் டெட்ராபெனசினை உருவாக்கினார்கள். மனநோய்க்கு அது பெரிதாக எடுபடவில்லை. ஐம்பது வருடம் கழித்து, 2008-இல் ஹண்டிங்டன் நோயின் துள்ளல் அசைவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் வழித்தோன்றல்களான வால்பெனசினும் டியூடெட்ராபெனசினும் 2017-இல் டார்டிவ் டிஸ்கைனீசியாவுக்கென்றே அனுமதிக்கப்பட்ட முதல் மருந்துகள் ஆயின. நம் நாட்டு மருந்துக் கடைகளில் டெட்ராபெனசின் கிடைக்கிறது. மனச்சோர்வையும் இறுக்கத்தையும் கொண்டுவரக்கூடிய மருந்து என்பதால் கண்காணிப்போடுதான் கொடுக்க வேண்டும்.

பெரியம்மாவின் மருந்தை அந்த மருத்துவர் ஒரே நாளில் மாற்றவில்லை. டிரைஹெக்சிஃபெனிடிலை ஆறு வாரத்தில் மெதுவாக இறக்கினார். ஹாலோபெரிடாலுக்குப் பதில் புதிய மருந்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். டெட்ராபெனசின் சின்ன அளவில் தொடங்கினார். ஒவ்வொரு தடவையும் வெற்றிலையைத் துப்பச் சொல்லி, அதே நாற்காலியில் உட்காரவைத்து, நோட்டின் ஓரத்தில் எண் எழுதினார். முதல் நாள் 13. மூன்றாம் மாதம் 11. ஏழாம் மாதம் 7. நாக்கின் நெளிவு இன்னும் இருக்கிறது, தாடை அரைப்பது குறைந்திருக்கிறது. சோறு சாப்பிடும்போது பருக்கை சிந்துவது நின்றிருக்கிறது. அவர் தட்டில் பருக்கை சிந்துவதை வருடக்கணக்காகப் பார்த்தும் அது ஏன் என்று நான் யோசித்ததில்லை.

சென்ற வாரம் போனபோது கேட்டேன், "பெரிம்மா, வாய் ஆடறது உனக்கே தெரியுமா?" சுருக்குப்பையைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "தெரியும்டா. அதுக்குத்தானே வெத்தலையே போட ஆரம்பிச்சேன். சும்மா மென்னா சிரிக்கிறாங்களே."